குவாரித் தூளும் சாம்பலும் வைத்து மூன்று கல் வார்ப்போம்

அனல்மின் நிலையப் புகையிலிருந்து பிடித்தெடுக்கும் சாம்பல், ஜல்லி உடைக்கும்போது மிஞ்சும் தூள் இரண்டும் மலைமலையாகக் குவிகின்றன. கொஞ்சம் சிமெண்ட் சேர்த்தால் சூளை இல்லாமலே இவற்றைச் செங்கல் போன்ற கட்டுமானக் கல்லாக்கலாம். முதல் தடவைக்கு மூன்று கல் போதும்.

படி 1: எந்தக் கழிவு?

பாதி வேலை இதில்தான். சுரங்கக் கழிவு என்றதும் மூட்டையில் அள்ளி வந்துவிடாதீர்கள். தாதுவைப் பிரித்தபின் மிஞ்சும் சேற்றில் ஆர்சனிக், ஈயம் இருக்கலாம். பைரைட் என்ற இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம் இருந்தால், காற்றும் நீரும் பட்டுக் கந்தக அமிலம் உண்டாகிக் கல்லை உள்ளிருந்தே அரிக்கும். அலுமினியத் தாதுவான பாக்சைட்டிலிருந்து அலுமினா எடுத்தபின் மிஞ்சும் செஞ்சேறு கடும் காரத்தன்மை கொண்டது. 2010இல் ஹங்கேரியில் அய்கா நகருக்கு அருகே அதன் தேக்கம் உடைந்தபோது பலருக்குத் தோல் வெந்தது. இதெல்லாம் ஆய்வகம் உள்ளவர்களுக்கான வேலை.

சாம்பலிலும் இரண்டு வகை உண்டு. உலையின் அடியில் விழும் கொரகொரப்புச் சாம்பல் இதற்கு ஆகாது. புகையோடு பறந்து பிடிபடும், விரலில் மாவு மாதிரி வழுக்கும் பறக்கும் சாம்பல்தான் வேண்டும். கட்டுமானத்துக்கென்று பரிசோதனை அறிக்கையோடு விற்பவரிடம் வாங்குங்கள். வெளிர் சாம்பல் நிறம் நல்லது. கறுத்திருந்தால் எரியாத கரி அதிகம். தண்ணீரை ஏகத்துக்கும் இழுக்கும்.

படி 2: முகக்கவசம்

கைக்குட்டை போதாது. நுண்துகளைத் தடுக்கும் கவசம், கையுறை, கண்ணாடி மூன்றும் வேண்டும். கல் தூளிலும் சாம்பலிலும் உள்ள சிலிக்காத் தூசி நுரையீரலுக்குள் போனால் அங்கேயே தங்கிவிடும்.

படி 3: கலவை

சாம்பல் 5 கிலோ, சலித்த குவாரித் தூள் 3.5 கிலோ, சிமெண்ட் 1 கிலோ. நிறம் ஒன்றாகும் வரை உலர்வாகவே புரட்டுங்கள். அப்புறம் தண்ணீரைத் தெளித்துத் தெளித்துச் சேருங்கள். 1 லிட்டரில் தொடங்கலாம். ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பாருங்கள். உருண்டை நிற்க வேண்டும், உள்ளங்கை லேசாக ஈரமாக வேண்டும், விரலிடுக்கில் நீர் வழியக் கூடாது. இட்லி மாவுப் பதம் வந்துவிட்டால் காரியம் கெட்டது.

படி 4: இடித்தல்

உள்ளளவு 23 × 11 × 7.5 செ.மீ. உள்ள மர அச்சில் எண்ணெய் தடவி, மூன்று அடுக்காகப் போட்டு ஒவ்வொன்றையும் கட்டையால் இடியுங்கள். மூலைகளை மறக்காதீர்கள். முடிந்ததும் அச்சை நேராக மேலே உருவுங்கள்.

படி 5: நனைத்தல்

என் முதல் கற்கள் பார்க்க அழகாக இருந்தன. சீக்கிரம் காயட்டும் என்று வெயிலில் வைத்தேன். நான்காம் நாள் தூக்கியதும் விளிம்பு ரஸ்க் போல உதிர்ந்தது. அவசரம்தான் காரணம். இந்தச் சாம்பல் தனியாக இறுகாது. சிமெண்ட் நீரோடு வினைபுரியும்போது சுண்ணாம்பு வெளிப்படும். அதோடு சாம்பலில் உள்ள சிலிக்கா மெல்லக் கூடித்தான் பிணைப்பு உண்டாகும். நீர் வற்றினால் அந்த வினையும் நின்றுவிடும். அதனால் முதல் நாள் நிழலில் மூடி வையுங்கள். பிறகு ஈரச் சாக்குப் போர்த்தி 14 நாளாவது காயவிடாமல் பாருங்கள். நல்ல பலம் தெரிய 28 நாள் ஆகும். அதற்குப் பிறகும் மெல்ல ஏறும்.

படி 6: சோதனை

நன்றாக உலர்ந்த கல்லை எடை போட்டு, 24 மணி நேரம் நீரில் ஊறவைத்து, துடைத்துவிட்டு மறுபடி எடை போடுங்கள். 2.8 கிலோ கல் 3.3 ஆனால் 0.5 கிலோ நீர் குடித்திருக்கிறது, அதாவது சுமார் 18 சதவீதம். 20க்குள் இருந்தால் சரி. அதைத் தாண்டினால் இடித்தது போதவில்லை, அல்லது தண்ணீர் கூடிவிட்டது. இரண்டு கற்களைத் தட்டினால் ‘டங்’ என்று கேட்க வேண்டும். ‘டப்’ என்றால் உள்ளே விரிசல்.

தேறினாலும் சுமை தாங்கும் சுவரில் வைக்காதீர்கள். கையால் இடித்த கல்லுக்கு இயந்திரத்தில் அழுத்திய கல்லின் பலம் வராது. செடிப்பாத்திக்கு ஓரம் கட்டத் தாராளமாகப் போதும்.