பழைய பொருள் கடை போடப் போறீங்களா? முதலில் ஒரு நோட்டு வாங்குங்கள்

தருமபுரியில் பழைய செல்போன், லேப்டாப், டிவி வாங்கி விற்கும் கடை வைத்திருக்கிறேன். புதிதாகக் கடை போடுகிறவர்கள் முதலில் கேட்பது லைசென்ஸ் எங்கே எடுப்பது என்றுதான். அதைச் சொல்லிவிடுகிறேன், ஆனால் லைசென்ஸ் கடையைத் திறக்கத்தான் உதவும், ஒரு திருட்டுப் பொருள் கடைக்குள் வந்துவிட்ட நாளில் கைகொடுப்பது கொள்முதல் நோட்டு, அதாவது யாரிடம் என்ன வாங்கினோம் என்று எழுதி வைக்கிற நோட்டு.

சரி, முதல் படி. தருமபுரி, கிருஷ்ணகிரி டவுனுக்குள் என்றால் நகராட்சி, ஓசூர் என்றால் மாநகராட்சி, கிராமம் என்றால் ஊராட்சி, அங்கே தொழில் உரிமம் எடுங்கள். விண்ணப்பத்தில் 'பழைய பொருட்கள் வாங்கி விற்பனை' என்று உள்ளதை உள்ளபடி எழுதுங்கள், 'மொபைல் சர்வீஸ்' என்று மட்டும் போட்டால் பின்னால் நீங்கள்தான் விளக்கம் சொல்ல வேண்டிவரும். சிறு தொழிலுக்கு மத்திய அரசு தரும் உத்யம் பதிவு இலவசம், அதற்குக் காசு கொடுக்காதீர்கள். வருட விற்பனை 40 லட்சம் தாண்டினால் ஜிஎஸ்டி கட்டாயம். பழைய பொருளுக்கு, வாங்கின விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசத்துக்கு மட்டும் வரி கட்டும் வழி இருக்கிறது, ஆனால் வாங்கின விலைக்கு ஆதாரம் வேண்டும். அதற்கும் நோட்டுதான்.

இரண்டாவது படி, அந்த நோட்டு. பக்க எண் அச்சடித்த கெட்டி அட்டை நோட்டாக வாங்குங்கள், தாளைக் கிழித்தால் தெரிய வேண்டும். தேதி, நேரம், விற்றவர் பெயர், முகவரி, அடையாள அட்டை விவரம், பொருளின் மாடல், சீரியல் நம்பர், கொடுத்த தொகை, கடைசியில் அவர் கையெழுத்து. தொகையை முடிந்தவரை அவருடைய கணக்குக்கே அனுப்புங்கள். பொருளோடு அவர் நிற்கிற மாதிரி ஒரு போட்டோ, அவரிடம் சொல்லிவிட்டே எடுங்கள். ஒழுங்கான ஆள் கோபித்துக்கொள்ள மாட்டார்.

செல்போன் என்றால் *#06# அடித்துத் திரையில் வரும் 15 இலக்க எண்ணை பெட்டியில் உள்ளதோடு ஒவ்வொரு இலக்கமாக ஒத்துப் பாருங்கள். அப்புறம் ஆங்கிலத்தில் கேஒய்எம், ஒரு இடைவெளி, அந்த 15 இலக்கம், இப்படி 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். முடக்கப்பட்டது, போலி, ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது என்று பதில் வந்தால் வாங்காதீர்கள், எவ்வளவு மலிவாக வந்தாலும் சரி.

ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், நான் 9,500 ரூபாய்க்கு வாங்கின ஒரு லேப்டாப்பைத் தேடி நாலு மாதம் கழித்து போலீஸ் வந்தது. கை நடுக்கத்தோடு நோட்டை விரித்தேன். பெயர், சீரியல் நம்பர், கையெழுத்து எல்லாம் அந்தப் பக்கத்தில் இருந்தன. லேப்டாப் போச்சு, பணமும் போச்சு, ஆனால் வழக்கில் நான் சாட்சியாகத்தான் போனேன். இப்போதைய குற்றவியல் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 317-ஆவது பிரிவில், திருட்டுப் பொருள் என்று தெரிந்து வாங்கினால் மட்டுமல்ல, அப்படி நம்பக் காரணம் இருந்தும் வாங்கினாலே மூன்று வருடம் வரை சிறை. இருபதாயிரம் பெறுமான போனை ஒருவர் மூவாயிரத்துக்கு நீட்டுகிறார், பில் இல்லை, லாக்கும் எடுக்கத் தெரியவில்லை என்றால் அதுவே அந்தக் காரணம். இதையே வழக்கமாகச் செய்தால் ஆயுள் தண்டனை வரை போகும்.

சந்தேகம் வந்தால் ஆளைப் பிடித்து உட்கார வைக்காதீர்கள், அடிக்கவே கூடாது. வாங்காமல் அனுப்பிவிட்டு ஸ்டேஷனுக்குத் தகவல் சொல்லுங்கள், எழுத்தில் கொடுத்தால், புகாரைப் பதிந்துகொண்டதற்கு ஸ்டேஷனில் தரும் சிஎஸ்ஆர் ரசீதைக் கேட்டு வாங்குங்கள். போலீஸ் பொருளை எடுத்துப்போனாலும் எழுத்தில் ஒப்புதல் வாங்காமல் விடாதீர்கள். நோட்டை மட்டும் கொடுத்துவிட்டு வராதீர்கள், ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொண்டு கொடுங்கள்.

பழைய பைக், கார் என்றால் கதை வேறு. 2023 ஏப்ரல் முதல் ஆர்டிஓவிடம் படிவம் 29ஏ கொடுத்து அங்கீகாரச் சான்று பெற வேண்டும், ஐந்து வருடம் செல்லும். வண்டி உங்கள் கைக்கு வந்ததைப் படிவம் 29சி மூலம் தெரிவிக்க வேண்டும். ஓசூர் பக்கம் கேஏ நம்பர், அதாவது கர்நாடக வண்டி நிறைய வரும். அந்த ஊர் ஆர்டிஓவின் என்ஓசி, அதாவது ஆட்சேபணை இல்லை என்ற சான்று இல்லாமல் முன்பணம்கூடக் கொடுக்காதீர்கள்.

இன்னொன்று. "வச்சுக்கங்க அண்ணா, ரெண்டு மாசத்துல வட்டியோட மீட்டுக்கிறேன்" என்று யாராவது மிக்ஸியோ மோதிரமோ நீட்டினால் மறுத்துவிடுங்கள். அது அடகு, அதற்குத் தாசில்தாரிடம் தனி லைசென்ஸ் வேண்டும்.