டர்பனிலிருந்து சைமன்ஸ்டவுனுக்கு மாற்றலா? குடும்பத்தைத் தயார்செய்யும் முறை

சைமன்ஸ்டவுன், கேப் டவுனை அடுத்த தென்னாப்பிரிக்கக் கடற்படைத் தளம். கடற்படையில் மாற்றல் உத்தரவு வந்த அன்று இரவே எங்கள் வீட்டில் சோபாவையும் குளிர்பதனப் பெட்டியையும் பற்றித்தான் பேசினோம். அதனால் பட்டபாடு கொஞ்சமல்ல. முதலில் காகிதம், அடுத்து பள்ளி, சாமான் கடைசி. முதல் முறை மாறுபவர்களுக்காக அந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

முதல் படி: கைக்கோப்பு

ஒரு கெட்டி அட்டைக் கோப்பு வாங்குங்கள். மாற்றல் உத்தரவின் நகல்கள், எல்லோருடைய அடையாள அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை, கடைசிப் பள்ளி அறிக்கை, திருமணச் சான்றிதழ் எல்லாம் அதற்குள் போகட்டும். இந்தக் கோப்பு லாரியில் ஏறவே கூடாது. எங்கள் முதல் மாற்றலில் மகனின் பள்ளி டிரான்ஸ்பர் கார்டு சமையல் பாத்திரப் பெட்டிக்குள் போய்விட்டது. லாரி ஒன்பது நாள் தாமதமாக வந்தது. அந்த ஒன்பது நாளும் பையன் சீருடையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். இன்றும் நினைத்தால் நெஞ்சு அடைக்கிறது.

இரண்டாம் படி: பள்ளி

இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். பள்ளி ஆண்டு ஜனவரியில் தொடங்கினாலும், கேப் டவுன் இருக்கும் மேற்கு கேப் மாகாணத்தில் முதலாம், எட்டாம் வகுப்புகளுக்கான இணைய விண்ணப்பம் வழக்கமாக முந்தைய ஆண்டின் மார்ச், ஏப்ரல் மாதங்களிலேயே முடிந்துவிடும். பிந்தினால், உத்தரவின் நகலோடு பள்ளி அலுவலகத்தை நேரில் அணுகுங்கள்.

பாடத்திட்டம் நாடு முழுவதும் ஒன்றுதான் என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். சிக்கல் இரண்டாம் மொழியில் இருக்கிறது. டர்பனில் பல பிள்ளைகள் ஸுலு படிக்கிறார்கள். கேப் பக்கம் பெரும்பாலான பள்ளிகளில் ஆப்ரிகான்ஸ் அல்லது கோசாதான் கிடைக்கும். நாலாம் வகுப்புப் பிள்ளை சமாளித்துக்கொள்ளும். பத்தாம் வகுப்பில் தேர்ந்தெடுத்த பாடங்களோடுதான் பெரும்பாலும் மெட்ரிக் (பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு) வரை போக வேண்டும் என்பதால், பிள்ளையின் இரண்டாம் மொழி அங்கே உண்டா என்று தொலைபேசியில் கேட்காமல் எந்தப் பள்ளியையும் முடிவுசெய்யாதீர்கள். மெட்ரிக் ஆண்டுப் பிள்ளை இருந்தால், பாட்டி வீட்டில் விட்டுப் படிப்பை முடிக்கவைப்பதே நல்லது என்பேன். பிரிந்திருப்பது கடினம்தான், நடு ஆண்டில் மொழியை மாற்றுவது அதைவிடக் கடினம்.

மூன்றாம் படி: வீடு, மருத்துவம், பணம்

படைக் குடியிருப்புக்கு உடனே விண்ணப்பியுங்கள். கிடைக்கும் என்று நம்பி வாடகை வீடு தேடாமல் இருக்காதீர்கள். எந்தச் செலவைத் திரும்பப் பெறலாம் என்பதைப் பணியாளர் அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டுக்கொண்ட பிறகே பணம் கட்டுங்கள். கேப் டவுன் பகுதியில் ராணுவ மருத்துவமனை வைன்பர்க்கில் இருக்கிறது. தினமும் மருந்து சாப்பிடுபவர்கள் ஒரு மாத மருந்தைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். மாகாணம் மாறுவதால் காரின் பதிவையும் நம்பர் பிளேட்டையும் மாற்ற வேண்டியிருக்கும்.

நான்காம் படி: சாமான்

மூன்று நிறுவனங்களிடம் மதிப்பீடு வாங்குங்கள். ஒவ்வொரு அறையையும் படம் எடுத்து, பெட்டிகளுக்கு எண் போட்டு, பட்டியலில் ஓட்டுநரின் கையெழுத்தையும் வாங்குங்கள். நிரம்பிய எரிவாயு சிலிண்டரை லாரியில் ஏற்ற மாட்டார்கள்.

கறிவேப்பிலைச் செடியைப் பற்றியும் சொல்ல வேண்டும். எலுமிச்சை இனச் செடிகளை டர்பன் இருக்கும் குவாசுலு-நட்டால் மாகாணத்திலிருந்து மேற்கு கேப்புக்குக் கொண்டுபோக நோய்த்தடுப்புக் கட்டுப்பாடு உண்டு. கறிவேப்பிலையும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். பன்னிரண்டு வருடம் வளர்த்த என் செடியை டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் பக்கத்து வீட்டு அக்காவிடம் ஒப்படைத்தேன். கடைசியாக ஒரு கொத்து ஒடித்து, நிழலில் காயவைத்து, புட்டியில் அடைத்துக்கொண்டேன்.

வடகம், அப்பளம் காயவைக்கும் காலமும் மாறும். கேப்பில் மழை குளிர்காலத்தில், ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கொட்டும். டிசம்பர், ஜனவரி வெயிலில் போட்டுவிடுங்கள். காற்று பலமாக அடிக்கும், மேலே வலை கட்டாயம்.

ஐந்தாம் படி: பயணமும் புது வீட்டில் முதல் நாள் ராத்திரியும்

ஹாரிஸ்மித், ப்ளூம்பொன்டேன் வழியாகப் போனால் ஏறத்தாழ 1,650 கிலோமீட்டர். பிள்ளைகளோடு ஒரே நாளில் ஓட்ட வேண்டாம். ப்ளூம்பொன்டேனிலோ கோல்ஸ்பர்கிலோ இரவு தங்குங்கள்.

காரில் உங்கள் காலடியில் ஒரு பெட்டி இருக்கட்டும். காமாட்சி விளக்கு, எண்ணெய், திரி, தீப்பெட்டி, ஒரு சிறிய பாத்திரம், சிறிய மின்அடுப்பு, தேயிலை, போர்வை, பிள்ளைகளின் தம்ளர். வழியில் பால் வாங்கிக்கொள்ளுங்கள். லாரி வராவிட்டாலும் வெறும் தரையில் விளக்கேற்றிப் பால் காய்ச்சலாம். பொங்கியதும் முதல் தம்ளரைப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். பெட்டிகளை மறுநாள் பிரிக்கலாம்.