முசிறி மிளகின் பாலைவனப் பாதையை வரைவது எப்படி

ரோமப் பேரரசோடு நடந்த முதலாம் நூற்றாண்டு மிளகு வணிகத்தைப் பாடம் நடத்தும்போது பிள்ளைகளிடம் முதலில் கேரளக் கடற்கரையில் இருந்த சேரர் துறைமுகமான முசிறியைக் காட்ட மாட்டேன். போனில் செயற்கைக்கோள் படத்தைத் திறந்து எகிப்தின் லக்சரைத் தேடச் சொல்வேன். அங்கிருந்து நைலோடு சுமார் 40 கி.மீ. வடக்கே போனால் கிஃப்ட். பாலைவனப் பாதைகள் தொடங்கிய பழைய கொப்டோஸ் நகரம் அதுதான். நைல் கிழக்கே வளைந்து செங்கடலை நெருங்கும் பகுதி.

இப்போது அங்கிருந்து இரண்டு கோடுகள். ஒன்று, வாதி ஹம்மாமத் என்ற வறண்ட பள்ளத்தாக்கு வழியாகக் கிழக்கே, இன்றைய குசைர் நகருக்குச் சற்று வடக்கே இருந்த மியோஸ் ஹோர்மோஸ் துறைமுகத்துக்கு. ஒட்டகத்தில் ஆறேழு நாள். இன்னொன்று தென்கிழக்கே, ராஸ் பனாஸ் முனையை ஒட்டிய பெரெனிகே துறைமுகத்துக்கு. இது பன்னிரண்டு நாள்.

அதில் பாதி நாட்களிலேயே போக வழி இருக்க, பெரெனிகேவுக்கு ஏன் போனார்கள்? இந்தக் கேள்வியை அவசரப்படாமல் கேளுங்கள், பதிலை நீங்களே சொல்லிவிடாதீர்கள். பிறகு செங்கடலின் வடபாதியில் வடக்கிலிருந்து தெற்கே ஓர் அம்புக்குறி போடச் சொல்லுங்கள். அங்கே ஆண்டின் பெரும்பகுதி காற்று அப்படித்தான் வீசும். சரக்கோடு திரும்பும் கப்பல் அதை எதிர்த்து மேலே ஏறப் பெரும்பாடு படவேண்டும். தெற்கேயே இறக்கி ஒட்டகத்தில் ஏற்றுவது மேல். வெயிலுக்குப் பயந்து பெரும்பாலும் இரவில்தான் நடந்தார்கள். கிணறு இருந்த இடங்களே தங்குமிடங்கள். கோட்டில் அங்கங்கே புள்ளி வைத்தால் போதும்.

அப்புறம் மாதங்கள். எகிப்திலிருந்து ஜூலை வாக்கில் புறப்பாடு, தென்மேற்குப் பருவக்காற்றில் கடல் கடப்பது, டிசம்பர், ஜனவரியில் வடகிழக்குக் காற்றோடு திரும்புவது. கோட்டின் மேலேயே எழுதிவிடுங்கள்.

கொப்டோஸில் கி.பி. 90-இல் கல்லில் வெட்டிய கட்டணப் பட்டியல் ஒன்று கிடைத்திருக்கிறது. பாலைவனப் பாதையில் போக மாலுமிக்கு 5 திரக்மா (கிரேக்க நாணயம்), பாய்மரத்துக்கு 20. ஒட்டகச் சீட்டுக்கு ஓர் ஒபோல், அதாவது திரக்மாவைவிடச் சிறிய காசு. அதில் முத்திரை குத்த இரண்டு! பிள்ளைகளுக்கு இது ரொம்பப் பிடிக்கும்.

முசிறியை இதற்கப்புறம் காட்டுங்கள். பெரெனிகேயில் செராபிஸ் என்ற கடவுளின் கோயிலில், இந்தியச் சாடி ஒன்றில் ஏழரை கிலோ மிளகு கிடைத்தது. குசைரருகே தமிழ்ப் பிராமி எழுத்துள்ள பானை ஓடு கிடைத்தது. இரண்டையும் அந்தந்தத் துறைமுகத்தின் பக்கத்தில் எழுதிவைக்கலாம்.

கடைசியாக, கொப்டோஸிலிருந்து நைல் வழியே அலெக்சாந்திரியாவுக்கு ஒரு கோடு. அங்கே சரக்குக்கு நான்கில் ஒரு பங்கு வரி.