சீறும் பூனையைத் தொடாதீர்கள்

என் மணிக்கட்டில் நான்கு சின்னத் தழும்புகள் இருக்கின்றன. எட்டு வருடங்களாக என் மடியில் தூங்கும் பூனை போட்டவை. அன்று அது ஜன்னலுக்கு வெளியே நின்ற வேறொரு பூனையைப் பார்த்து உறுமிக்கொண்டிருந்தது. சமாதானப்படுத்தலாம் என்று முதுகில் கை வைத்தேன். திரும்பிய வேகத்தில் பல் இறங்கிவிட்டது. எட்டாத எதிரிமேல் மூண்ட கோபம், எட்டிய கைமேல் விழுந்தது.

ஆகவே, முதலில் கையைக் கட்டிக்கொண்டு பாருங்கள். எலிக்குப் பதுங்கும் பூனை சத்தமே போடாது. உடம்பைத் தாழ்த்தி ஒரே இடத்தைப் பார்க்கும். அது சாப்பாட்டு வேலை. மிரண்ட பூனையோ முதுகை வில்லாக வளைக்கும், மயிர் சிலிர்க்கும், காது தலையோடு படியும், கண்மணி அகலமாக விரியும். சுவிட்சர்லாந்தின் உடலியல் ஆய்வாளர் வால்டர் ஹெஸ், பூனை மூளையின் அடியில் இருக்கும் ஹைப்போதலாமஸ் என்ற சின்னப் பகுதியில் மெல்லிய கம்பி செருகி மின்சாரம் பாய்ச்சியபோது, எதிரியே இல்லாமல் இதே கோலம் வந்தது. 1949இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. பின்னால் வந்தவர்கள், ஹைப்போதலாமஸின் நடுப்பக்கத்தைத் தூண்டினால் சீற்றமும் ஓரத்தைத் தூண்டினால் ஓசையில்லாத வேட்டையும் வருவதைக் கண்டார்கள்.

சீறினால் திரையை இழுத்து மூடுங்கள், விளக்கை அணையுங்கள், கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்துவிடுங்கள். அடிக்கவோ கத்தவோ வேண்டாம். பயத்தில் வந்த சீற்றத்துக்கு இன்னும் பயம் ஊட்டுவதுதான் அது. அவசரமும் கூடாது. உடம்பில் ஏறிய படபடப்பு இறங்கச் சில சமயம் மணிக்கணக்காகும். நான் அரைமணியில் கதவைத் திறந்தேன், மறுபடியும் சீறல். மறுநாள் காலையில்தான் வந்து காலை உரசியது. கடி பட்டுவிட்டால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே டாக்டரைப் பாருங்கள். பூனைப் பல் ஊசி மாதிரி, காயம் சின்னதாகத் தெரிந்தாலும் ஆழமாகப் போயிருக்கும்.

சரி, மனிதர்கள்? நமக்கும் ஹைப்போதலாமஸ் உண்டு. நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப்பகுதி அதற்குக் கடிவாளம். தூக்கம் கெட்டாலோ மது உள்ளே போனாலோ அது தளர்ந்துவிடும். கோபத்தின் எல்லாப் பழியையும் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் மேல் போடுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. போட்டியில் ஜெயித்தாலே அது ஏறக்கூடியது.

மேலதிகாரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு வரும் நாட்களில், கதவைத் திறக்கும் முன் ஐந்து நிமிடம் படியில் உட்காருவேன். அதுவும் போதாவிட்டால் மகளிடம், “அப்பா இப்போ ஜன்னல் பூனை” என்று சொல்லிவிடுவேன். ஒரு டம்ளர் தண்ணீரை வைத்துவிட்டு அவள் தன் அறைக்குப் போய்விடுவாள்.