பி0107 கோடு வந்தால் உடனே மேப் சென்சார் வாங்காதீர்கள்
காரில் மாட்டிய ஸ்கேனர் பி0107 என்ற கோளாறு கோடைக் காட்டினால், மேப் சென்சாரின் (எஞ்சினுக்குள் போகும் காற்றின் அழுத்தத்தை அளப்பது) சிக்னல் வோல்டேஜ் மிகக் குறைவு என்றுதான் அர்த்தம். சென்சார் போய்விட்டது என்றல்ல. ஸ்டார்ட் பண்ணாமல் சாவியை மட்டும் ஆன் செய்து ஸ்கேனரின் லைவ் டேட்டாவில் மேப் அழுத்தத்தைப் பாருங்கள். மதுரையில் 100 கிலோபாஸ்கலை ஒட்டி இருக்கவேண்டும். (கொடைக்கானலில் 80க்குப் பக்கம்தான் காட்டும், கோளாறில்லை.)

10, 15 என்று கிடந்தால் கனெக்டரைக் கழற்றுங்கள். மல்டிமீட்டரின் கறுப்பு முனையை பேட்டரி நெகட்டிவில் வைத்துப் பார்த்தால், ஒரு பின்னில் 5 வோல்ட் வரவேண்டும். வரவில்லையா? வயரை எலி கடித்திருக்கலாம். அல்லது அதே 5 வோல்ட் லைனிலுள்ள வேறொரு சென்சார் ஷார்ட் ஆகியிருக்கும்; பலரும் கோட்டைவிடுவது இங்கேதான். மற்ற சென்சார்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள், எதைக் கழற்றும்போது 5 வோல்ட் திரும்புகிறதோ அதுதான் திருடன்.

5 வோல்ட், கிரவுண்ட் இரண்டும் சரி, சிக்னல் வயரும் எங்கும் உரசவில்லை என்றால் மட்டும் புது சென்சார்.