டயர் அழுத்த எச்சரிக்கை விளக்கு எரிந்தால் என்ன செய்வது?

டேஷ்போர்டில் குதிரை லாடம் போன்ற வடிவத்துக்குள் ஆச்சரியக்குறி தெரியும் மஞ்சள் விளக்கு எரிந்து அணையாமல் நின்றால், ஏதேனும் ஒரு டயரிலாவது காற்று குறைந்திருக்கிறது என்று பொருள். அமெரிக்க விதிமுறைப்படி, பரிந்துரைக்கப்பட்ட அழுத்தத்தில் 25 சதவீதம் குறைந்தால் இந்த விளக்கு எரிந்தாக வேண்டும். அந்தக் கணக்கில், 32 பிஎஸ்ஐ (டயர் காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) இருக்க வேண்டிய டயர் 24 பிஎஸ்ஐ வரை இறங்கும்வரை விளக்கு எரியாமலே இருக்கலாம். ஆகவே, போய்ச் சேர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். காற்று குறைந்த டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அளவுக்கு மீறி மடங்கி நிமிர்வதால் உள்ளே வெப்பம் ஏறுகிறது. வேகமாகச் செல்லும் காரில் டயர் வெடிப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

பிரேக்கைச் சட்டென்று அழுத்தாமல், ஸ்டீயரிங்கை வெட்டித் திருப்பாமல், மெல்ல வேகத்தைக் குறைத்துச் சமதளமான பாதுகாப்பான இடத்தில் ஓரங்கட்டி, இறங்கி நான்கு டயர்களையும் பாருங்கள். ஒன்று தெளிவாக அமுங்கியிருந்தாலோ, வரும்போது கார் ஒரு பக்கமாக இழுத்திருந்தாலோ, அங்கேயே ஸ்டெப்னியை மாற்றுவதுதான் சரி. காற்றில்லாத டயரில் சிறிது தூரம் ஓட்டினாலும் ரிம்மின் விளிம்பு பக்கச்சுவரை நசுக்கிவிடும். பஞ்சர் ஒட்டினால் போதும் என்றிருந்த டயரைத் தூக்கிப் போட வேண்டியதாகிவிடும். நான்கும் ஒன்றுபோலத் தெரிந்தால், நிதானமாக ஓட்டி அருகில் காற்றுப் பிடிக்கும் இடத்துக்குச் செல்லலாம். ஆனால் கண்பார்வையை மட்டும் நம்பிவிடக் கூடாது. ரேடியல் டயரின் பக்கச்சுவர் சரியான காற்றிலும் சற்றுப் பிதுங்கியே இருக்கும் என்பதால், கணிசமான குறைவுகூடக் கண்ணுக்குத் தப்பிவிடும். கையடக்கமான அழுத்தமானி ஒன்றைக் காரிலேயே வைத்திருப்பது நல்லது.

எவ்வளவு காற்று வேண்டும் என்பது பெரும்பாலான கார்களில் ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் அச்சிடப்பட்டிருக்கும். முன், பின் டயர்களுக்கு வேறு வேறு அளவும், முழுச் சுமைக்குத் தனி அளவும் இருக்கக்கூடும். டயரின் பக்கவாட்டில் பொறித்திருப்பது அந்த டயர் தாங்கக்கூடிய உச்ச அழுத்தம். அந்த அளவுக்குக் காற்று நிரப்பாதீர்கள். ஸ்டிக்கரில் உள்ள எண் குளிர்ந்த டயருக்கானது, அதாவது குறைந்தது மூன்று மணி நேரம் நின்ற காருக்கானது. ஓடிய டயரில் அழுத்தம் கூடுதலாகக் காட்டுவது இயல்பு. அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிடாமல், குறைவாக இருப்பதை மட்டும் நிரப்பி, மறுநாள் காலையில் வண்டியை எடுக்கும் முன் மீண்டும் அளந்து சரிசெய்யுங்கள்.

நிரப்பியதோடு வேலை முடிந்துவிடாது. காற்று ஏன் இறங்கியது என்று தெரிய வேண்டும். நான்கிலும் ஏறக்குறைய ஒரே அளவு குறைந்திருந்தால், நெடுநாள் கவனிக்காததோ வானிலையோ காரணமாக இருக்கலாம். வெப்பநிலை சுமார் 5.5 டிகிரி செல்சியஸ் குறைந்தால் அழுத்தம் ஏறத்தாழ 1 பிஎஸ்ஐ இறங்கும். குளிர்ந்த காலையில் எரிந்து, சிறிது தூரம் ஓடியதும் அணைந்துவிடும் விளக்கும் காற்று போதவில்லை என்பதையே சொல்கிறது. ஒரே டயர் மட்டும் இறங்கியிருந்தால் கசிவைத் தேடுங்கள். வால்வு மூடியைக் கழற்றி அதன் வாயில் சோப்புத் தண்ணீர் விட்டால், கசிவு இருக்கும் இடத்தில் சிறு குமிழி மெல்ல உப்பிக்கொண்டே வரும். டயர் தரையைத் தொடும் பரப்பிலும், ரிம்மும் டயரும் சேரும் விளிம்பிலும் இப்படியே பாருங்கள். ஆணி தைத்திருந்தால் பிடுங்காதீர்கள். மீதிக் காற்றைத் தடுத்து வைத்திருப்பது பெரும்பாலும் அதுதான். பக்கச்சுவரில் ஓட்டை என்றால் ஒட்டக் கூடாது, டயரையே மாற்ற வேண்டும்.

சில கார்களில் ஒவ்வொரு சக்கரத்திலும் ஒரு சென்சார் அழுத்தத்தை நேரடியாக அளக்கிறது. சரியான காற்று நிரப்பிச் சிறிது தூரம் ஓட்டினால் விளக்கு பெரும்பாலும் தானாக அணையும். வேறு சில கார்களில் அழுத்தம் அளக்கப்படுவதே இல்லை: காற்றிறங்கிய டயரின் சுற்றளவு சுருங்கி அது மற்றவற்றைவிட வேகமாகச் சுழல்வதை ஏபிஎஸ் (பிரேக் அழுத்தும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) சென்சார்கள் கண்டுகொள்கின்றன. இவ்வகைக் கார்களில் காற்றுப் பிடித்த பிறகு ரீசெட் செய்தாக வேண்டும். அதற்கான பொத்தானோ மெனுவோ எங்கே என்பதைக் கையேடு சொல்லும். காற்றே நிரப்பாமல் ரீசெட் அழுத்துவதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது என்பேன், ஏனெனில் குறைந்த காற்றையே சரியான அளவாகக் கார் பதிவுசெய்துகொள்ளும். அதிலிருந்து காற்று இன்னும் நன்றாக இறங்கும்வரை விளக்கு எரியாது.

காரைக் கிளப்பியதும் விளக்கு ஒரு நிமிடம்போல மினுக்கிவிட்டுப் பிறகு நிலையாக எரிந்தால், பழுது எச்சரிக்கை அமைப்பில்தான் இருக்கிறது. சக்கரத்தில் உள்ள சென்சாரின் பேட்டரி பொதுவாக 5 முதல் 10 ஆண்டுகள் வரை உழைக்கும். தீர்ந்தால் பெரும்பாலும் சென்சாரையே மாற்ற நேரும். டயரைக் கழற்ற வேண்டிய வேலை இது என்பதால், புது டயர் போடும்போதே பழைய சென்சாரையும் சோதிக்கச் சொல்லுங்கள். அது சரியாகும்வரை காற்று இறங்கினாலும் கார் எச்சரிக்காது. ஆகவே நீங்களே வாரம் ஒருமுறை அளந்துகொள்ள வேண்டும்.