வெளுத்துப்போன போகே மீன்
பச்சை மீன் துண்டுகளைச் சாஸில் கலந்து உண்ணும் ஹவாய் உணவான போகேயைச் செய்த மூன்று நாளும், சாஸில் கலந்த கால் மணி நேரத்திலேயே சூரை மீன் துண்டுகளின் ஓரம் வெந்ததுபோல் வெளுத்து, கிண்ணத்தின் அடியில் நீர் தேங்கியது. மீன் பழையதோ என்று கடையை மாற்றினேன்; சோளமாவு சேர்த்ததில் பசைதான் மிஞ்சியது.

பிறகுதான் புட்டியின் பின்புறத்தைப் படித்தேன். சோயா சாஸ் என்றெண்ணி நான் ஊற்றியது பொன்சு என்னும் ஜப்பானியப் புளிப்புச் சாஸ்; அதிலுள்ள எலுமிச்சை வகைச் சாற்றின் புளிப்பு மீனின் புரதத்தை இறுக்கி நீரை வெளியேற்றியிருக்கிறது. ஹவாயின் பழைய போகேயில் உப்பு, லிமு என்னும் கடற்பாசி, வறுத்த குகுய் கொட்டை ஆகியவையே முதன்மை.

இப்போது, பச்சையாக உண்பதற்கென்றே விற்கும் மீனை ஒற்றித் துடைத்து, வெறும் சோயா சாஸ் 2 மேசைக்கரண்டி, வறுத்த எள்ளின் எண்ணெய் 1 தேக்கரண்டி (நம் நல்லெண்ணெயில் அந்த வாசம் வராது), வெங்காயத்தாள் ஆகியவற்றைப் பரிமாறும்போதுதான் கலக்கிறேன். நேற்று கடைசித் துண்டுவரை சிவப்பாகவே இருந்தது.